இடுப்பளவுக் குழி

“இருபத்தாறு அடிதான் இருக்கு. முப்பது இருக்கணும்மா.”

சுகாதார அதிகாரி டேப்பைச் சுருட்டிக்கொண்டார். வீட்டின் பின்சுவரிலிருந்து குழியின் விளிம்புவரை இரண்டு தடவை அளந்தாயிற்று. இரண்டு தடவையும் நாலடி குறைந்தது.

கொத்தனாரின் மனைவி மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை.

“முப்பத்தோரு வருஷம் ஒரே கட்டில்ல படுத்த மனுஷன் சார். இப்ப நாலடி கிட்ட வந்துட்டாராக்கும்?”

அதிகாரியிடமிருந்து சட்டம்தான் வந்தது. முப்பதடி இல்லாவிட்டால் வீட்டில் புதைக்க அனுமதி கிடையாது. பொது மயானம்தான். வண்டியும் வாசலில் வந்து நிற்கிறது.

பொது மயானம் என்றாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அங்கே பத்து வருஷம்தான் கெடு. பிறகு எலும்பைத் தோண்டி ஓரமாகப் போட்டுவிட்டு, அதே குழியில் அடுத்தவரை இறக்குவார்கள்.

ஊருக்கெல்லாம் வீடு கட்டிய மனிதர், பதினோரு வாடகை வீடுகளிலிருந்து மூட்டை முடிச்சோடு கிளம்பியவர். இந்தச் சின்ன வீட்டை ஞாயிற்றுக்கிழமைகளில் தன் கையாலேயே கட்டி முடித்தார்.

செத்த பிறகும் காலி பண்ணச் சொன்னால் எங்கே போவது என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

அதிகாரி குழிக்குள் எட்டிப் பார்த்தார். இடுப்பளவுதான் ஆழம் இருந்தது.

“நல்லவேளை, பாதியிலயே வந்துட்டேன். என் கண்ணு முன்னாடி மூடிடுங்க.”

அவள் மண்வெட்டியோடு எதிரே நின்ற கொழுந்தனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

மூட மாட்டேன் என்று ஒரு மூச்சு சண்டை போட்டாள். போலீஸ் என்ற பேச்சு வந்ததும், அதிகாரியை முறைத்துக்கொண்டே மண்ணைத் தள்ள ஆரம்பித்தாள். கொழுந்தனும் சேர்ந்துகொண்டான். அதிகாரி இரக்கப்பட்டு, கடைசி மண்ணைத் தானே ஷூவால் ஒதுக்கிக் கொடுத்தார். மிதித்து இறுக்கப் போனவரை மட்டும் அவள் கை நீட்டித் தடுத்துவிட்டாள்.

அவர் உத்தரவை எழுதிக் கொடுத்தார். அவள் சத்தமாகப் படித்துக் காட்டச் சொன்னாள். இந்த இடத்தில் இனி எவரும் தோண்டக் கூடாது என்று இருந்தது.

“எந்தக் காலத்துலயும்னு சேத்துப் போடுங்க சார்.”

இனி வம்பு வராது என்று நினைத்தாரோ என்னவோ, சேர்த்து எழுதி முத்திரையும் குத்தினார்.

கூடத்தில் ஆணி அடித்து வைத்திருந்த பெட்டியை நாலு பேர் தூக்கினார்கள். கொத்தனார் நல்ல கனம் என்று ஒருவர் மூச்சு வாங்கினார்.

வண்டியில் ஏறப்போன கொழுந்தன் அவள் காதருகே குனிந்தான்.

“இருபது செங்கல் போதும்னேன். நீங்கதான் கேக்கல, அண்ணி.”

வண்டி தெரு முனையில் திரும்பும்வரை நின்றாள். பிறகு கொல்லைப்புறம் போனாள்.

விடிவதற்கு முன்பே அவரை ஆறடிக் குழியில் இறக்கியாயிற்று. இடுப்பளவு மிச்சம் இருந்தபோதுதான் அதிகாரி வந்து நின்றார். மூடுகிறவர்களைத் தோண்டுகிறவர்கள் என்று எடுத்துக்கொண்டார்.

ஈர மண்ணைக் கையால் தட்டிச் சமன் செய்தாள். அழுகை அப்போதுதான் வந்தது. உத்தரவை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“இனி எவன் வந்து உங்களைக் காலி பண்ணச் சொல்றான்னு பாப்போம்” என்றாள்.