மஞ்சள் எழுத்தில் ஒரு வரி

தம்பானூர் ஸ்டூடியோவின் மாடியறையில் டிவி மேல் வெயில் விழாமல், கல்யாண வீடியோ தொகுக்கும் திவ்யலட்சுமி திரைச்சீலையை இழுத்துவிடுகிறாள். எதிரே முத்தாரம்மாள் ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்தில் கணவர் கோமதிநாயகம். நாலு வருஷமாக முத்தாரம்மாளுக்குக் காது கேட்பதில்லை. மகள் கல்யாணத்தில் யார் என்ன பேசினார்கள் என்று படித்தாவது தெரிந்துகொள்ள ஆசை. நேற்றைய டிவிடியில், மெனுவுக்குள் பாட்டு, பேச்சு என்று வழிதவறி, பேச்சைத் திரையடியில் எழுத்தாகக் காட்டும் இடத்தை எட்டாமலே திரும்பிவிட்டாள். இன்றைய டிவிடியில் படம் தொடங்கியதுமே எழுத்து தானாக வருகிறது. ஒரு வரியைச் சேர்ப்பதா வேண்டாமா என்றுதான் திவ்யலட்சுமி மூன்று நாள் தயங்கினாள். கல்யாணத்தன்று கோமதிநாயகம் மனைவியைப் பற்றிக் காமிராவிடம் மட்டும் மெல்லச் சொன்னது அது. ஹெட்போனில் கேட்டவள் அவள் ஒருத்திதான். உரியவளுக்குப் போகாமல் தன்னிடமே கிடந்தது பாரமாக இருந்தது. இப்போது அது மஞ்சளாகத் திரையின் அடியில் எழுகிறது: “எல்லாம் நடத்துனது அவளாக்கும். நான் பந்தியில சும்மா நின்னேன், அவ்வளவுதான்.” கோமதிநாயகம் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பி, எதிரே உள்ள ரயில்வே ஸ்டேஷனின் அறிவிப்பை உன்னிப்பாகக் கேட்கிறார். காதுமடல் சிவந்திருக்கிறது. முத்தாரம்மாளின் பெருவிரல் ரிமோட்டில் பொத்தானைத் தேடி அழுத்த, படம் பின்னால் போகிறது. அதே வரி. இன்னொரு தடவை, அதே வரி. திவ்யலட்சுமிக்கு மூச்சு லேசாகிறது. “போதும், விடு. அந்தக் கொச்சுப் பொண்ணுக்கு வேற ஜோலி கெடக்கு,” என்று அவர் கையை ஆட்டுகிறார். முத்தாரம்மாள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “எனக்குத்தான் காது கேக்காதுல்லா,” என்று சிரித்தபடி மறுபடியும் அழுத்துகிறாள்.