மகாராணி இணைந்தார்

வண்டியை நிறுத்தி அரை நிமிடம்கூட ஆகவில்லை, டாஷ்போர்டுத் திரையில் அந்தப் பெயர் வந்துவிட்டது.

'மகாராணி இணைந்தார்.'

ஓட்டுநர் இன்ஜினை அணைக்கவில்லை. அணைத்தால் வண்டியின் ஹாட்ஸ்பாட்டும் அணைந்துவிடும். மகாராணி உஷாராகிவிடுவார்.

திங்கட்கிழமையிலிருந்து இதே கதை. பரிசோதனை நிலையங்களில் எடுக்கிற இரத்த மாதிரிகளைக் குளிர்பெட்டியோடு வாங்கிப்போய்ப் பெரிய லேபில் சேர்ப்பது அவர் தொழில். ஒவ்வொரு இடத்திலும் எத்தனை குழாய் என்று டேப்லெட்டில் ஏற்ற வேண்டும். அதற்காகவே உள்ளேயே இணைய வசதி உள்ள வண்டியாகத் தேடி, இரண்டு ஊர் தள்ளிப் போய், போன வாரம்தான் பழைய வண்டி ஒன்றை வாங்கினார். முந்தைய சொந்தக்காரர் வைத்திருந்த வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் மாற்றத் தெரியாமல் அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு நாளைக்குப் பதினான்கு இடங்களில் நிற்கிறார். இந்த ஒரு வாசலில்தான் யாரோ அவருடைய இணையத்தில் வாய் வைக்கிறார்கள்.

முதல் நாள், மாடி வீட்டுப் பிள்ளைகளின் வேலை என்று நினைத்தார். இரண்டாம் நாள் டேட்டா போகிறதே என்று வயிறு எரிந்தது. மூன்றாம் நாள்தான் உறைத்தது. மகாராணி பத்து நொடிக்கு மேல் தங்குவதே இல்லை. வந்த சூட்டிலேயே போய்விடுகிறார்.

திருட வந்தவர் இப்படியா வெறுங்கையோடு போவார்?

அதோடு, இந்த நிலையத்தின் கவுன்ட்டரில் ஒரு நாளும் ஆள் இருந்ததில்லை. மின்விசிறி சுற்றும். பெட்டி கட்டித் தயாராக மேஜைமேல் இருக்கும். கூப்பிட்டால் பதில் வராது. சுழல் நாற்காலி மட்டும், யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல, மெதுவாகத் திரும்பிக்கொண்டிருக்கும்.

இன்று அவருக்கு விஷயம் தெரியும். அது தொலைந்துபோன போன். எடுத்தவர் இந்தக் கட்டடத்தில்தான் இருக்கிறார்.

செருப்பை வண்டியிலேயே விட்டுவிட்டு ஓசைப்படாமல் உள்ளே போனார்.

நாற்காலி திரும்பிக்கொண்டிருந்தது.

பின்னால் ஸ்டோர் ரூம். கதவுக்கு அடியில் இரண்டு கால்களின் நிழல்.

"வெளிய வாங்க. அது யார் போன்னு எனக்குத் தெரியும்."

கதவு திறக்க நேரம் பிடித்தது. வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண். முப்பது வயது இருக்கும். கையுறையைக்கூடக் கழற்றவில்லை. ஒரு கையில் போன். இன்னொரு கையில் கத்தரிக்கோல், அதன் முனை அவரை நோக்கி.

அவள் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவர் தோளைத் தாண்டி வாசலைப் பார்த்தாள்.

"அவர் வண்டியிலேயே இருக்காரா?"

"யாரு?"

"வண்டிக்காரர்."

"வண்டிக்காரன் நான்தாம்மா. வாங்கி ஒரு வாரமாச்சு."

கத்தரிக்கோல் தாழ்ந்தது. அவள் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். 

அது அவள் கணவனின் வண்டி. போனுக்கு மகாராணி என்று பெயர் வைத்ததும் அவன்தான். எட்டு மாதத்துக்கு முன்னால், உடுத்திய துணியோடு இந்த ஊருக்கு வந்திருக்கிறாள். சிம்மை மாற்றினாள். பெற்றவர்களுக்கும் இடத்தைச் சொல்லவில்லை.

"அந்த வைஃபையை மட்டும் போன்லருந்து அழிக்கலண்ணா. பூனைக்கு மணி கட்டின மாதிரி. அது தானா சேர்ந்துச்சுன்னா, ஆள் வாசலுக்கு வந்தாச்சுன்னு அர்த்தம்."

திங்கட்கிழமை மணி அடித்தது. அன்றிலிருந்து தினமும் வைஃபையை அணைத்துவிட்டு உள்ளே ஓடி ஒளிகிறாள். வெளியே வந்து பார்த்தால் யாருமில்லை. பெட்டியை மட்டும் யாரோ எடுத்துப் போயிருக்கிறார்கள். ஆளைக் காட்டாமல் அவன் வேடிக்கை காட்டுகிறான் என்று நினைத்து நான்கு நாளாகத் தூக்கமில்லை.

"வித்துட்டாரா அப்போ," என்றாள். மெல்லச் சிரிப்பு வந்தது. கையுறைகளை ஒவ்வொரு விரலாகக் கழற்ற ஆரம்பித்தாள்.

ஓட்டுநருக்குச் சிரிப்பு வரவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து முப்பத்தெட்டு.

நேற்று மாலை, இந்த மகாராணி யார் என்று கேட்க, வண்டியை விற்றவருக்கு அவர்தான் போன் செய்தார். தங்கமான மனிதர். மகாராணியா என்று ஒருமுறை கேட்டுவிட்டு, அது என்னுடைய தொலைந்துபோன போன் என்றார். எந்த ஊர், எந்தத் தெரு, எத்தனை மணிக்கு என்று பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். கையும் களவுமாகப் பிடிக்கலாம், பத்தே முக்காலுக்கு நானும் வந்துவிடுகிறேன் என்றார். வைக்கும்போது, "அதுவரைக்கும் அவளை எங்கயும் போகவிடாதீங்க" என்றார்.

போன் ஒரு பெண்ணிடம் இருக்கிறது என்று ஓட்டுநர் அவரிடம் சொல்லவே இல்லை. நேற்று அவருக்கே அது தெரியாது.

வாசலுக்குப் போய் ஷட்டரைச் சத்தமில்லாமல் கீழே இறக்கினார். 

"பின்பக்கம் வழி இருக்காம்மா?"