பத்தே நாளில் ஒரு நாவல்

காளவாசல் எழுத்தாளர் உக்கிரபாண்டி ஆறு வருடமாக ஒரே நாவலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி இருளாயி ஒருநாள் சொன்னது சுருக்கென்று தைத்தது.

"பத்து நாள்ல நான் ஒண்ணு எழுதிக் காட்டவா?"

"ஏ கழுதை, எழுதித்தான் பாரு. தேறுச்சுன்னா நான் பேனாவையே தொடலை."

பதினோராம் நாள் காலையில், எழுதி முடித்த இரண்டு குயர் நோட்டை அவர்முன் வைத்தாள். மத்தியானம்வரை படித்தவர், அதை அவள் முகத்தில் விட்டெறிந்தார்.

"நடை பரவாயில்ல. ஆனா கதையில வர்ற அந்தப் புருசன் சுத்தப் பொய். கட்டுனவளை ஒருநாள்கூடப் பேர் சொல்லிக் கூப்பிடாம, எடுத்ததுக்கெல்லாம் வைஞ்சுக்கிட்டே ஒருத்தன் இருப்பானா? எவன் நம்புவான்?"

இருளாயி குனிந்து நோட்டை எடுத்தாள்.

"இதுல நான் கற்பனை பண்ணுனது அந்தாளு பேரு மட்டுந்தாங்க. அதான் பத்தே நாள்ல முடிஞ்சிருச்சு."