வடிகாலுக்கு ஒரு வாளித் தண்ணீர்

பாமிர் மலையில் அந்த மனையின் சரிவு எப்படியென்றால், தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தால் அது அடுத்த ஊரில் போய்த்தான் நிற்கும். போன வசந்தத்தில் மண் சரிந்து வீட்டையும் மனைவி சபோகத்தையும் மூடிய அதே இடத்தில்தான் தவ்லத்ஷோ மறுபடி கட்டுகிறார். அவள் உடல் கிடைக்கவில்லை.

வடிகாலுக்கு நீரோட்ட வாட்டம் பார்க்க, அவள் தம்பி மிர்ஸோ மேலேயிருந்து ஒரு வாளி ஓடைத் தண்ணீரைக் கொட்டினான். "தள்ளி நில்லு மச்சான், உன்னையும் சேத்துக் கழுவிடப் போவுது!"

பழைய அடுப்படி இருந்த இடத்தில் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கியது. கீழே வெளிவந்தபோது சோப்பு நுரைத்தது. நாலைந்து சோற்றுப் பருக்கைகளும் ஒரு கேரட் துண்டும் மிதந்தன. தவ்லத்ஷோ கைவைத்துப் பார்த்தார். வெதுவெதுப்பாக இருந்தது.

"மச்சான்... வடிகால எங்க வெட்ட?"

"இங்கதான்" என்றார். "இன்னொரு வாளி ஊத்து. அவளுக்குக் கழுவப் பாத்திரம் இன்னும் பாக்கி இருக்கும்."