கட்டைக்கு வைத்த பெயர்

பத்து வளையத்துக்கு ஒரு குண்டூசி என்று குத்திக்கொண்டே வந்த அந்தப் பெண், ஏழாவது குண்டூசியில் நிமிர்ந்து கமலாவைப் பார்த்துச் சிரித்தாள்.

கமலாவும் சிரித்தாள். ஏதோ அவளே சுமந்து பெற்ற கட்டை மாதிரி.

பெண்ணின் பெயர் இலக்கியா. சென்னையிலிருந்து வந்திருக்கிறாள். பழைய மரத்தின் வளையங்களை எண்ணி, எந்த வருஷம் மழை பெய்தது, எந்த வருஷம் பொய்த்தது என்று கண்டுபிடிக்கிற படிப்பாம். இதற்கும் ஒரு படிப்பு இருக்கிறது.

கட்டை கிடைத்தது எங்கள் கிணற்றில்.

எங்கள் என்றால் எனக்கும் கமலாவுக்கும் பொது. ஒரு நாள் அவள் முறை, மறுநாள் என் முறை. முறைக்காரர் கையில் மோட்டார்க் கொட்டகைச் சாவி இருக்கும். தூர் வாருகிற நாளில் யார் முறையோ, அவர்கள்தான் ஆட்களுக்குச் சோறு போட வேண்டும். வெளியே வருகிற சேறு அவர்கள் நிலத்துக்கு. சேற்றோடு எது வந்தாலும் அதுவும் அவர்களுக்கு. எங்கள் ஊர் வடக்கனந்தலில் இதற்கெல்லாம் பத்திரம் கிடையாது, வாய்ப்பேச்சுதான்.

மூன்று வாரத்துக்கு முன்னால் தூர் வாரினார்கள். மத்தியானத்துக்கு மேல் கிரேன் தூக்கிப் போட்டது, கன்னங்கரேலென்று ஒரு கட்டை.

அன்று சாவி கமலாவிடம் இருந்தது.

எந்தக் காலத்து வெள்ளத்திலோ கல்வராயன் மலையிலிருந்து உருண்டு வந்த தேக்காம். சேற்றுக்குள் காற்றுப் புகாமல் கிடந்ததால் மக்கவில்லையாம். நான் யாரையும் கேட்கவில்லை. வேலியோரம் கீரை பறித்துக்கொண்டிருந்தேன், காதில் விழுந்தது.

அந்த வேலியில் கீரை தீர்ந்து நான்கு நாளாகிறது.

காய்ந்தால் கட்டை வெடித்துவிடும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து கமலா அதற்கு ஈரச் சாக்குப் போர்த்தி, வேளாவேளைக்குத் தண்ணீர் தெளிக்கிறாள். சொந்த மகனுக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட இவள் இத்தனை தடவை துணி நனைத்துப் போட்டதில்லை. எனக்குத் தெரியும்.

மலைமேல் கரியாலூர் போகிற டூரிஸ்டுகள் வண்டியை நிறுத்தி, கட்டையோடும் கமலாவோடும் செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள். அவள் வீட்டுக்காரர் தீனதயாளன், ஆயிரம் வருஷத்து மரம் என்கிறார். போன வாரம் அது ஐந்நூறாக இருந்தது. இலக்கியாவோ, எழுபது எண்பது வருஷம் வாழ்ந்த மரம், எப்போது வாழ்ந்தது என்பது சோதனைக்குப் பிறகுதான் தெரியும் என்கிறாள். படித்தவள் பேச்சை யார் கேட்கிறார்கள்?

இன்று ரம்பத்தால் வட்டமாக ஒரு வில்லை அறுத்து எடுத்துக்கொண்டு போகப் போகிறாள் என்று தெரிந்ததும், வேலிக்கு இந்தப் பக்கம் நிற்க முடியவில்லை. போனேன்.

ஒரு பக்கம் வளையங்கள் அகலமாக இருந்தன. மறுபக்கம் தலைமுடி மாதிரி நெருக்கமாக.

“இந்தப் பக்கம் பெரிய மரம் ஒண்ணு நின்னிருக்கலாம்ங்க. வெளிச்சம் விட்டிருக்காது” என்றாள் இலக்கியா.

என் கண் தானாகக் கமலாவிடம் போனது.

அறுத்த வில்லையை ஈரத்துணியில் சுற்றி, இலக்கியா ஒரு அட்டையை எடுத்தாள். நம்பரோடு, கொடுத்தவர் பெயரையும் எழுதுவார்களாம். அது புத்தகத்திலும் வருமாம்.

ரேஷன் கார்டைத் தவிர எங்கேயும் என் பெயர் அச்சானதில்லை. கமலாவின் கல்யாணப் பத்திரிகையே மூன்று கலர்.

“கெணறு பொதுங்க. ரெண்டு பேரு பேரையும் போடறதுதான மொறை?” என்றேன், ஏதோ நியாயத்துக்காகக் கேட்பதுபோல.

கமலா சட்டென்று என் பக்கம் திரும்பினாள். சண்டைக்குத் தயாராகத்தான் போயிருந்தேன்.

“பொது இன்னாக்கா பொது? அன்னிக்கு மொறையே உன்னுதுதான!”

இலக்கியா பேனாவோடு நின்றாள்.

“விடியக்காலைல ஓடியாந்து, சின்னசேலத்துல சித்தப்பா பூட்டாருன்னு அழுதுகினே சாவியக் குடுத்துட்டுப் போச்சும்மா அக்கா. எட்டு ஆளுக்கு நான் சோறு ஆக்கிப் போட்டேன், அவ்ளோதான். கட்டை அக்காவுது. பூமாலைன்னு எழுதிக்கோ.”

நெஞ்சு நிமிர்ந்தது. அரை நிமிஷம்.

கமலா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். இவளுக்கு நல்ல மனசு வேறு. அதுதான் தாங்க முடிவதில்லை.

“இல்லன்னா ஒண்ணு பண்ணலாங்கா. நம்ம பேரு கெடக்குது. அந்தப் பெரியவரு பேரையே வெச்சிடலாம். அவரு போன அன்னிக்குத்தான இது கெடச்சுது. புண்ணியமாப் போவும்.”

இலக்கியாவின் முகமும் உருகிவிட்டது. “அவங்க பேரு என்னங்கம்மா?”

இரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“தெய்வசிகாமணி” என்றேன்.

முன்னால் ‘அமரர்’ என்று இலக்கியா தானாகவே சேர்த்து, கொட்டை எழுத்தில் எழுதி, அட்டையை வில்லையோடு இறுக்கிக் கட்டினாள். கமலா கையெடுத்துக் கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன்.

சித்தப்பா இந்நேரம் சின்னசேலம் ஸ்டேஷனுக்கு எதிரே, சர்க்கரை ஜாஸ்தியாகப் போட்டு இரண்டாவது டீ குடித்துக்கொண்டிருப்பார். டாக்டர் வேண்டாமென்றுதான் சொல்லியிருக்கிறார். கேட்டால்தானே.