பெரிய கிளாக்கரின் பெட்டி

“பெட்டிப் பக்கம் யாரும் வரக்கூடாது. தூசி தட்டுறதா இருந்தாலும் நான்தான் தட்டுவேன்,” என்றார் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் ரெஜினோல்ட்.

அவர் மேசைக்கடியில் இருந்தது புது யூ.பி.எஸ். கரண்ட் போனாலும் ஆபீஸ் கொம்பியூட்டரும் அதோடு இணைந்த கைரேகை மெஷினும் அணையாமலிருக்கக் கம்பெனி அனுப்பியது. மெஷினுக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்பதில் கம்பெனிக்கு அவ்வளவு அக்கறை. ஒழுகும் லயத்து வீடுகளுக்குத் தகரம் கேட்டால்தான் காது கேட்காது.

ரெஜினோல்டின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன ஸ்குரூ டிரைவர் இருக்கும். மூக்குக்கண்ணாடியின் திருகு தளர்கிறதாம். கண்ணாடி என்னவோ எந்நாளும் மூக்கு நுனியில்தான் தொங்கும்.

சாயங்காலம் தேயிலைக் கொழுந்தை எடை போட்டதும் ஆபீஸ் ஜன்னலில் விரல் வைக்கவேண்டும். மெஷின் ஒப்புக்கொண்டால்தான் பேர் விழும். பேர் விழுந்தால்தான் அன்றைய சம்பளம். மெஷின் அணைந்து கிடந்தால் மட்டும் கிளாக்கர் கையால் எழுதலாம் என்பது தோட்டத்து மேனேஜர் துரையின் உத்தரவு.

மரியாயியின் விரலை மெஷின் மதிப்பதே அபூர்வம். கொழுந்து கிள்ளிக் கிள்ளிப் பெருவிரல் வழவழவென்று தேய்ந்துபோயிருந்தது. முந்தாநாள் கரண்ட் போகவில்லை. அவளுக்குப் பேரும் விழவில்லை. அவள் பறித்த கொழுந்து மட்டும் ஒரு தடையுமில்லாமல் பெக்டரிக்குப் போனது.

இன்றும் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். மெஷின் அவளைத் தெரியாது என்றது.

“ஒனக்கு ரேகையே இல்லயே. ஜோசியக்காரனுக்குக் குடுக்கிறதாவது மிச்சம்,” என்றார் ரெஜினோல்ட்.

“ரேகயெல்லாம் ஒங்க கொழுந்தோட பெக்டரிக்குப் போயிருச்சுங்க ஐயா,” என்றாள்.

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மெஷின் பொய் சொல்லாது, மனிதர்தான் சொல்வார்கள் என்று ஒரு பிரசங்கம் வைத்தார்.

பிரசங்கம் முடியுமுன் மலையில் இடி இறங்கியது. கரண்ட் போனது. காவல் காக்க வந்த பெட்டி ஒரு முனகல்கூட இல்லாமல் கூடவே கண்ணை மூடியது.

கம்பெனியின் மலிவுச் சாமானைத் திட்டிக்கொண்டே ரெஜினோல்ட் பேர் எழுதும் கொப்பியை எடுத்தார். முதல் பேர் மரியாயி. எழுதி முடிக்கும்வரை அவளையும் திட்டினார்.

பெட்டி வந்த நாளிலிருந்து இதே கூத்துத்தான். இந்தப் பக்கம் மழைக்காலம் என்று தனியாக ஒன்று கிடையாது. எப்போதாவது மழை லீவு எடுக்கும், அவ்வளவுதான். மழையென்றால் இடி, இடியென்றால் கரண்ட் இல்லை.

துரைக்குப் பொறுக்கவில்லை. மறுநாளே கலவான டவுனிலிருந்து யூ.பி.எஸ். திருத்தும் ஸாஜித்தை வரவழைத்தார். பெட்டி சரியாகிவிட்டால் இனிமேல் கொப்பியைத் தொடவே கூடாது என்றும் சொல்லிவிட்டார். அதைக் கேட்ட மரியாயி அன்று வரிசையின் கடைசிக்குப் போய் நின்றாள்.

ஸாஜித் மேசைக்கடியில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தான். ரெஜினோல்டும் பக்கத்தில் குனிந்து, இந்தக் காலத்துப் பெட்டரிகளின் யோக்கியதையைப் பற்றி விடாமல் பேசினார்.

“பெட்டரி நல்லா ஈக்கி, சேர்,” என்றான் ஸாஜித். “யாரோ வயரக் கழட்டி, டேப் சுத்தி வெச்சீக்கி. மாட்டினா சரி.”

ரெஜினோல்ட் ஜன்னல் பக்கம் திரும்பினார். ஜன்னலுக்கு வெளியே மரியாயி பெருவிரலை முந்தானையில் துடைப்பதும் பார்ப்பதுமாக இருந்தாள். மலைக்கு மேலே வானம் உறுமத் தொடங்கியிருந்தது.

அவர் நழுவிய கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக் குரலை இறக்கினார்.

“கழட்டினவனே மாட்டிருவான் தம்பி, மழக்காலம் முடியட்டும்.”