திருவிருந்து எடுக்காதவன்

"இந்த மாசமும் போதகர் கையால திருவிருந்து எடுக்காம பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தீங்கன்னா, இனிமே நான் கோயிலுக்கே வரமாட்டேன்" என்றாள் ஹில்டா.

"மனசு இன்னும் தயாராகலைம்மா" என்றான் அவள் கணவன் எட்மண்ட்.

"மறைவான பாவம் இருக்கிறவன்தான் எடுக்க மாட்டான்னு நம்ம சபை மெட்டில்டா டீச்சர் என் காதுபடவே சொல்றாங்க. படப்பையில உங்களுக்கு ஒருத்தி இருக்காளாமே?"

"கர்த்தர் அறிய, அப்படி யாரும் இல்லை."

"அப்போ வந்து முழங்கால் போடுங்க." அவள் அழுதுவிட்டாள்.

கல்யாணமாகி எட்டு மாதத்தில் முதல் முறையாக அவன் அவளோடு பீடத்தண்டை போனான். போதகர் நீட்டிய திருவிருந்துக் கிண்ணம் உதட்டில் பட்டதும் அவன் உடம்பு நடுங்கியது. ஆவியானவர் தொட்டுவிட்டார் என்று ஹில்டா பூரித்துப்போனாள்.

மத்தியானம் வெளியே போனவனை, சாயங்காலம் ரிக்‌ஷாக்காரர் தசரதன் கொண்டுவந்து வாசலில் கிடத்தினார்.

"மாடம்பாக்கம் ரோட்டு சாராயக்கடையாண்ட வுழுந்து கெடந்தாரு, அக்கா."

ஹில்டா அவனருகே குனிந்தாள். எட்மண்ட் அவள் காலைப் பிடித்துக்கொண்டான்.

"பட்டாளத்துல நான் பெருங்குடிகாரன். உன்கிட்ட சொல்ல வெட்கமா இருந்துச்சு. மூணு வருஷமா ஒரு சொட்டு தொடலை, ஹில்டா. அந்தக் கிண்ணத்து ஒயினுக்குப் பயந்துதான் பெஞ்சை விட்டு எழுந்திருக்காமலே இருந்தேன்."